ரிமோட் காருக்கு வடம்

ஜகதா,

நீ கோயிலிலிருந்து திரும்புவதற்குள் நான் கடலூர் பஸ்ஸில் இருப்பேன். இட்லி மூடி வைத்திருக்கிறது. பேத்தி சிவசக்தியும் அவள் அம்மாவும் தூங்குகிறார்கள்.

அந்த ரிமோட் காரைக் கடையில் மாற்றப் போகிறேன். "மூணு வயசுக் குழந்தைக்கு இவ்ளோ ஸ்பீடா? உங்களுக்குத்தானே வாங்கினீங்க?" என்று நேற்று கேட்டாய். காரைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுப் படுத்தேன். ராத்திரி அந்தக் கார் பிச்சாவரம் காயலில் தண்ணீர்மேலேயே போனது. நாரைகள் ஒதுங்கி வழிவிட்டன. நானும் பின்னாலேயே நடந்தேன். கனவு என்பாய். காலையில் என் செருப்பில் சேறு இருந்தது.

ஆனால் நேற்று நான் ஓட்டிய கார் அவளைத் துரத்தியதிலிருந்து குழந்தை என்னிடம் வரவே மாட்டேன் என்கிறாள். அதற்கு நான் கதை கட்ட முடியாது. மேடு பள்ளம் ஏறுகிற பெரிய சக்கரம் இருக்கட்டும், வேகம் வேண்டாம். இரண்டே பட்டன் உள்ளதாகப் பார்க்கிறேன்.

பி.கு: பெட்டியைத் திறந்தால் காரைக் காணோம். எப்போது எழுந்தாளோ, கொல்லையில் சிவசக்தி உன் பாவாடை நாடாவை அதில் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் தேர் பார்த்தாளே! என்னைக் கண்டதும், "தாத்தா, நீயும் வடம் புடி" என்றாள்.

கடலூர் போகவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டேன். இருவரும் தேர் போன கீழவீதியில் எங்கள் தேரை இழுக்கிறோம்.

இன்னொன்று: ரிமோட் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. எனக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றிவிடு.