நாம் திறந்துவிட்ட மலை

இன்று காலை சந்தையில் கங்கோங் கீரை வாங்கினேன். கடைக்காரப் பெண் அதை இளஞ்சிவப்பு ராஃபியா கயிற்றால் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்தவள், கீரையை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நிறத்தைக் கண்டால் இன்னும் எனக்கு மரங்கள்தான் ஞாபகம் வருகின்றன. ஈப்போவில் சோற்றுப் பொட்டலம் முதல் பழைய பேப்பர் வரை எதைக் கட்டினாலும் அந்தக் கயிறுதான். உன்னை மறக்க இந்த ஊரில் வழியே இல்லை, சனியனே.

நம் பல்கலைக்கழக மலையேற்ற மன்றத்தில் அந்தக் கயிற்றுக்கு ஒரு சட்டம் இருந்தது. முன்னால் ஏறுகிறவர், பின்னால் வருகிறவர்கள் வழி தவறாமலிருக்க, மரத்துக்கு மரம் ஒரு துண்டு கட்டிக்கொண்டே போவார். கடைசியாக இறங்குகிறவர் ஒன்று விடாமல் அவிழ்த்துக்கொண்டு வருவார். அந்தக் கடைசி ஆள் எப்போதும் நீதான். நாங்கள் அடிவாரக் கடையில் தே தாரேக் டீ குடித்து முடித்த பிறகு, கயிற்றுத் துண்டுகளும் எவனோ எறிந்துவிட்டுப் போன மீ நூடுல்ஸ் பாக்கெட்டுகளுமாக ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேருவாய். கேட்டால், "நாம வந்தது காட்டுக்கே தெரியக்கூடாதுலா" என்பாய். நான் உன்னை வால் என்று கூப்பிட்டேன். நீ என்னைச் சிலோன்காரி என்றாய்.

நீ பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். உன் அம்மா பால்மரம் சீவப் போட்டுக்கொண்டு போன அதே மாதிரி கறுப்பு ரப்பர் சப்பாத்துதான் உனக்கும். நான் அப்பா வாங்கித் தந்த விலை உயர்ந்த சப்பாத்தோடு பாறைக்குப் பாறை வழுக்கி விழுவேன். நீ சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துத் தூக்குவாய். தோட்டத்துப் பிள்ளையோடு காட்டுக்குப் போவதா என்று என் அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். ஒரே வருடத்தில் உனக்கென்று தனியாகப் புட்டும் சம்பலும் கட்டிக் கொடுக்கத் தொடங்கினார். உன் வாய் அப்படிப்பட்டது. யாரையும் மயக்கிவிடுவாய்.

அந்த வாய்தான் மன்றத்தையும் மயக்கியது. உங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களையெல்லாம் வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டு, லயத்து வீட்டு ஆட்களை வெளியேற்றிப் பல வருடம் ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது பின்னால் நின்ற மலை மட்டும். நாலு பேர் கைகோத்தாலும் எட்டாத மெராந்தி மரங்களும், லயத்துக்கே தண்ணீர் கொடுத்த ஓடையும் அதில் இருந்தன. அந்த மலையையும் மரம் வெட்டக் கொடுக்கப் போகிறார்கள், பிறகு டுரியான் பழத்தோட்டம் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு, நீ சாப்பிடாமல்கூட மன்றக் கூட்டத்துக்கு வந்தாய்.

மலையை யாரும் பார்த்ததில்லை, அதனால்தான் தைரியமாக எடுக்கிறார்கள் என்றாய். இந்த ஒரு மலையில் மட்டும் கயிற்றை அவிழ்க்காமல் விடுவோம், வழி எல்லோருக்கும் தெரியட்டும், ஜனங்கள் வந்து பார்க்கட்டும் என்றாய். சட்டத்தை மீறலாமா என்று ஒருவன் முனகினான். நீ எழுந்து நின்று, "பாக்காத காட்டுக்காக யாருலா அழுவா? ஊர் கூடினாத்தான் தேர் நகரும்" என்றாய். எல்லோரும் கை தூக்கினோம்.

தேர் நகர்ந்தது. நாம் படம் எடுத்து இணையத்தில் போடப் போட, ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவிலிருந்தும் கமுந்திங்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அடிவாரத்தில் இளநீர்க் கடை வந்தது. அப்புறம் கார் நிறுத்த ஒரு திடல். நீயும் நானும் நின்றுகொண்டு ஆளுக்கொரு குப்பைப் பையைக் கொடுத்து அனுப்புவோம். நம் சட்டை முதுகில் காலடியைத் தவிர எதையும் விட்டுவராதே என்று எழுதியிருக்கும். ஜனங்களும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். குப்பை போடவில்லை. காலடியைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள். ஒற்றையடிப் பாதை இரண்டு ஆள் அகலமாயிற்று, பிறகு மோட்டார் சைக்கிள் ஏறுகிற அகலமாயிற்று. வேர்கள் வெளியே தெரிந்தன. ஓடை கலங்கியது. மலை நம் கைக்கு வந்ததும் பாதையை மூடிவிடலாம், கயிற்றையெல்லாம் நானே அவிழ்ப்பேன் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். அந்த மாதங்களில் நீ இருந்த சந்தோஷத்தில் உன்னை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பிறகு நாம் வன இலாகாவுக்கு மனு கொடுக்கப் போனோம். எத்தனை பேர் இந்த மலையை நேசிக்கிறார்கள் என்று காட்ட, நம் படங்களையே பெரிதாக அச்சடித்து எடுத்துப் போனாய். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வருத்தத்தோடுதான் சொன்னார்: கன்னிக் காடாக இருந்திருந்தால் காப்பாற்றக் கேட்டு எழுதலாம், இது ஏற்கெனவே மனிதர்கள் மிதித்துக் கெட்டுப்போன காடு, நீங்கள் கொண்டுவந்த படமே சாட்சி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. நீ படங்களைத் திரும்ப அடுக்கி எடுத்துக்கொண்டு, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாய். கார் நிறுத்துமிடத்தில் நீ அழுதபோது படங்களை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மரம் வெட்ட வந்தவர்கள் புதிதாக வழி தேடவில்லை. நாம் போட்ட பாதையிலேயே ஏறினார்கள்.

நீ படுத்தது அதற்கு அடுத்த வருடம். ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். மலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர் படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். எனக்கு மட்டும் இன்னும் அவர்மேல் கோபம் இருக்கிறது. பத்து காஜா ஆஸ்பத்திரியில் உனக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மற்றவர்கள் அதற்குக் காத்திருப்பார்கள். நீ தாதியிடம் கேட்டுச் சுவரோரம் மாறிக்கொண்டாய். அந்த ஜன்னலில் எட்டத்தில் மலை தெரிந்தது, மேல் பாதி சிவப்பு மண்ணாக.

ஒருநாள் மத்தியானம், உன் அம்மா சாப்பிடப் போயிருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இன்னொரு இடத்தைப் பற்றிக் கேட்டாய். இறுதியாண்டில் நாம் இரண்டு பேரும் வேறொரு மலையில் வழி தவறி இறங்கினோமே, அந்தச் சின்னப் பள்ளத்தாக்கு. ஒரு வெட்டுக் காயம் இல்லாத மரங்கள், கண்ணாடி மாதிரித் தண்ணீர். கையிலிருந்த கயிறு தீர்ந்துபோயிருந்ததால் அங்கே ஒரு துண்டும் கட்டாமல் வந்தோம். அதை யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டாய். இல்லை என்றேன்.

"சொல்லாத. மன்றத்துக்கும்தான்."

"சரி."

"நீயும் போகாத."

"நானுமாடி?"

"நாலு தடவ போனா வழி விழுந்துரும்லா."

மூச்சு வாங்கியது உனக்கு. சத்தியம் செய்யச் சொல்லவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தலையை ஆட்டினேன். ஊரையே கூப்பிட்டுக் காட்டைக் காட்டியவள், கடைசியில் என்னைக்கூட நம்பவில்லையே என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. இப்போது இல்லை.

போன வாரம் மன்றத்தின் இப்போதைய செயலாளர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். பணிவான பெண். சட்டை முதுகில் அதே வாசகம், எழுத்து மட்டும் புதிது. காட்டைக் காப்பாற்றப் புதிய இயக்கம் தொடங்கப் போகிறார்களாம். யாருக்கும் தெரியாத நல்ல காடாக ஒன்று வேண்டுமாம். ஜனங்களை அழைத்துப் போய்க் காட்டினால்தானே அவர்களுக்கு அதன் அருமை தெரியும் என்றாள். அப்படியே நீ பேசுவது மாதிரி இருந்தது. கண்கூட அப்படித்தான் மின்னியது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, வெளியே போ என்று கத்த வேண்டும்போலவும் இருந்தது. எனக்கு எதுவும் தெரியாது என்றேன்.

"ஒண்ணுகூடவா இல்ல, அக்கா?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

அவள் முகம் வாடிப்போனது. கோப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அந்தப் பள்ளத்தாக்கு இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. யாராவது எப்போதோ வெட்டி முடித்திருக்கலாம். போய்ப் பார்த்தால்தான் தெரியும், நான் போக மாட்டேன். இறங்க வேண்டிய ஓடைத் திருப்பமும், பிடித்து நடக்க வேண்டிய பாறை விளிம்பும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மறந்தால் தேவலை என்றுதான் இப்போதெல்லாம் இருக்கிறது. அந்த வழியை அறிந்தவர்கள் இரண்டு பேர். நீ போய்விட்டாய், இனி நான் ஒருத்திதான் பாக்கி.