கண்ணாடிக்கு வைத்த குங்குமம்

மாப்ளே,

இன்று காலை மில்லில் சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்தேன். ஆயுதபூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்து வைக்கிற நாள். பழைய கர்ப்பூரமும் காய்ந்த சந்தனமும் மரத்தூளும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது பார், தும்மினேன் ஒரு தும்மல்! சாமுண்டி மலையில் உட்கார்ந்திருக்கிற நந்தி திடுக்கிட்டு இந்தப் பக்கம் திரும்பியதாகக் கேள்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், உள்ளே ஆணியில் தொங்குகிறது உன் கண்ணாடி. காதில் மாட்டுகிற கொம்பில் மங்கிய குங்குமப் பொட்டு.

உனக்குத் தலைபோகிற செய்தி ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் எதையாவது நேராகச் சொன்னால் அது நானா? நீ அந்தப் பக்கம் சும்மாதானே இருக்கிறாய், முதலிலிருந்து கேள்.

கண்ணில் தூள் விழாமல் நாம் போட்டுக்கொள்ள நம் முதலாளி சவுகார் அந்தக் கண்ணாடிகளை வாங்கிக்கொண்டு வந்த வருஷம் நினைவிருக்கிறதா? அட்டைப்பெட்டி வந்து இறங்கியது ஆயுதபூஜை அன்று. ரம்பத்துக்கு எண்ணெய் போடுகிறவரும் பூஜைக்கு அதிகாரியும் ஒருவரேயான நம் மாதேவண்ணா, இன்றைக்கு மில்லுக்குள் வந்தது எதுவானாலும் ஆயுதம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெட்டியைப் பிரித்து, பட்டை ரம்பத்தின் காலடியில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டு வில்லையிலும் நட்டநடுவில் சந்தனம் தடவி, அதன் மேல் குங்குமம். கர்ப்பூரம் காட்டியாயிற்று. அதற்குப் பிறகு எந்த வீரன் அந்தப் பொட்டை அழிப்பான்? கண்ணாடிகள் எல்லாம் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறித் தொங்கின. மேலிருந்து அவை நம்மைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சம்பந்தி வீட்டுக்காரர்கள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

சவுகார் கன்னடத்தில் குதித்தார். கண்ணுக்கு வாங்கினேனா, சாமிக்கு வாங்கினேனா என்று கேட்டார். மாதேவண்ணா தரையைப் பார்த்தபடி, "பூஜை ஆயித்து சார்" என்றார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

நமக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மூக்கில் வியர்க்கும், கண்ணாடி மங்கும், தூள் ஒட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குச் சாமியே சாட்சியாக வந்துவிட்டார். போதாததற்கு நீ வேறு இருந்தாய். மைசூரு மாநகரத்தின் மரமில்கள் அனைத்துக்கும் நீதானே கண் வைத்தியன்! எவன் கண்ணில் தூள் விழுந்தாலும் உன்னிடம் வருவான். அவனை அடிமரத்தின் மேல் உட்காரவைத்து, இமையை மடித்து, துண்டின் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஒரே சுண்டு. "போ, போயி வேலையப் பாரு" என்பாய், ராஜா பட்டயம் கொடுத்த மாதிரி. உன் இடது கண்ணில் படர்ந்திருந்த வெள்ளை மேகத்தை மட்டும் யாரும் பேசமாட்டோம். ஒரு காலத்தில் யாரோ உனக்குத் தீக்குச்சியால் தூள் எடுத்த பலன் அது. மீதியிருந்த வலது கண்ணை வைத்துத்தான் கட்டைக்குக் கோடு பார்த்தாய். நீ பார்த்த கோட்டில் அறுத்த பலகையை நிறுத்தினால் நூல் பிடித்தவன் நாணிக் கோணி வீட்டுக்குப் போவான்.

மறு தசரா நெருங்கியபோது வந்தது அந்தப் புளியங்கட்டை. சாலையோரத்து மரம். என்றைக்கோ எவனோ விளம்பரப் பலகை மாட்ட அடித்த ஆணி உள்ளேயே புதைந்து, அதன் மேல் மரம் வளர்ந்து மூடிவிட்டது. நீ இந்தப் பக்கம் தள்ளுகிறாய், நான் அந்தப் பக்கம் வாங்குகிறேன். ரம்பம் ஆணியைக் கடித்தது. அந்தச் சத்தத்துக்கு பெங்களூரு ரயில் நின்றிருக்கும். கரண்டை அணைத்துவிட்டு ஓடிவந்தால், நீ கட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். வலது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"மச்சா, துண்டு எடு" என்றாய்.

உன் தோளில் கிடந்த அதே துண்டு. நுனியை நீயே முறுக்கி என் கையில் திணித்தாய். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் தீக்குச்சி என்றான், ஒருவன் வெற்றிலைக் காம்பு என்றான். நான் குனிந்து இமையைப் பார்த்தேன். கருவிழியில் கடுகு போல் ஒன்று மின்னியது. தூள் இப்படி மின்னாது மாப்ளே. இது இரும்பு.

"தெரியுதா?"

"தெரியுது."

"அப்பறம் என்றா பாத்துக்கிட்டிருக்கறே? நாஞ் சொல்லச் சொல்ல எடு."

"நான் தொட மாட்டேன்."

"எத்தன பேருக்கு எடுத்துருக்கறேன் நானு! எனக்கு எடுக்க ஒருத்தன் இல்லியா இந்த மில்லுல?"

உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஆனால் வாய் இருக்கிறதே, அது பின்வாங்காது. "எங்க கண்ணுக்கெல்லாம் நீ இருந்தே. உன் கண்ணுக்கு டாக்டர் இருக்கான். இருக்கறதே ஒண்ணு மாப்ளே, அதுலயா வெளையாடுவோம்? ஏறு வண்டியில!"

நீ கண்ணைக் கசக்கக் கையைத் தூக்கினாய். என்ன செய்வதென்று தெரியாமல், டீ வந்த காகிதக் கப் ஒன்றைக் கவிழ்த்து உன் கண்ணின் மேல் வைத்து, உன் புகழ்பெற்ற துண்டாலேயே சுற்றிக் கட்டினேன். "ரெண்டு கையும் என் வயித்துலதான் இருக்கணும்" என்று உத்தரவு போட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வயிற்றுக்குத்தான் பஞ்சமில்லையே, பிடித்துக்கொள்ள இடமிருந்தது.

பன்னிமண்டபம் சாலைக்கு வந்தால், எதிரே தசரா யானைகள்! ஊர்வலத்துக்கு ஒத்திகை. முதுகில் மணல் மூட்டை, முன்னால் போலீஸ், இரண்டு பக்கமும் செல்போனைத் தூக்கிப் பிடித்த ஜனம். நகர வழியில்லை. ஒரு கான்ஸ்டபிள் தடியை நீட்டி, உன் முகத்தில் முளைத்திருந்த டீ கப்பைப் பார்த்தார்.

"ஏனப்பா, இது என்ன வேஷம்?"

"கண்ணு சார், கண்ணு! இரும்பு போயிருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் முன்னால் வந்த யானையே நின்றது. காதை விரித்தது. என்னைப் பார்த்தது. மரியாதையாக ஓர் ஓரமாக ஒதுங்கி, தும்பிக்கையைத் தூக்கி...

"பாகன் திருப்புனாண்டா, அது திரும்புச்சு" என்று இதே இடத்தில் ஒவ்வொரு தடவையும் குறுக்கே பாய்வாய். ஒரு கண் கப்புக்குள், இன்னொரு கண் மேகத்துக்குள். அதெப்படி அய்யா உனக்குப் பாகன் மட்டும் தெரிந்தான்? எப்படியோ, கான்ஸ்டபிள் விசில் அடித்தார், சாலை பிளந்தது. ராஜாக்கள் போன வீதியில் டீ கப்போடு நீ பவனி வந்தாய். ஜனங்கள் உன்னையும் படம் பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற சிஸ்டர் ஒருவர் கட்டை அவிழ்த்தார். முதல் கேள்வியே, "யாராவது இதத் தொட்டீங்களா? துண்டு, குச்சி, எதாவது?"

"இல்லீங்க சிஸ்டர்."

"தொட்டிருந்தா இந்நேரம் உள்ள இருக்கறது வெளிய வந்திருக்கும். கப்பு யாரு வெச்சது?"

நான் நெஞ்சை நிமிர்த்திய நிமிர்த்தலில் சட்டைப் பித்தான் தெறித்தது. அது உன் கண்ணில் படாதது உன் அதிர்ஷ்டம்.

ஆனால் உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு நெஞ்சு நிமிரவில்லை. கையில் உன் துண்டு. அதன் நுனி இன்னும் முறுக்கினபடியே இருந்தது. அதைப் பிரித்துவிட்டேன். அது மறுபடி சுருண்டுகொண்டது, மறுபடி மறுபடி பிரித்துவிட்டேன்.

கட்டுப் பிரித்த அன்று, உன் கண்ணுக்கு முன்னால் நான்தான் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். மெதுவாகத் திறந்தாய். இமைத்தாய். இன்னொரு தரம் இமைத்தாய். பிறகு சொன்னாய்:

"அடச்சீ, இதப் பாக்கறதுக்கா இத்தன பாடு?"

அந்த வார்டில் நான் ஆடிய ஆட்டத்துக்குச் சிஸ்டர் என்னை வெளியே தள்ளினார்.

அந்த வருஷ ஆயுதபூஜைக்கு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமா வில்லன் மாதிரி வந்து சேர்ந்தாய். மாதேவண்ணா குங்குமக் கிண்ணத்தோடு நின்றார். நீ யாரையும் கேட்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தாய். துண்டின் நுனியை முறுக்கினாய். எங்கள் கண்ணிலிருந்து எல்லாம் தூள் எடுத்த அதே நுனியால், ஒரு வருஷத்துக் குங்குமத்தைத் துடைத்தாய்.

மாதேவண்ணா அலறினார். "அய்யய்யோ, பொட்டு!"

"பொட்டு எங்கயும் போவுல. கிண்ணத்தக் குடு" என்று வாங்கி, கொம்பில் ஒரு பொட்டு வைத்தாய். "இது சாமிக்கு. அது கண்ணுக்கு." மாட்டிக்கொண்டாய். மூக்கின் மேல் கண்ணாடி, காதோரம் குங்குமம். மாதேவண்ணா சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தன் கண்ணாடியை உன்னிடம் நீட்டினார், நீ துடைத்துக்கொடுக்க வேண்டுமென்று. அவர் பின்னால் வரிசை நின்றது.

அன்றிலிருந்து ரம்பம் சுற்றுவதற்கு முன்னால் உன் சத்தம் கேட்கும்: "மொதல்ல கண்ணு, அப்பறம் கரண்டு!" தூள் விழுந்தது என்று உன்னிடம் வந்தவனைக் குழாயடிக்கு விரட்டினாய், குத்துகிறது என்றவனை ஆஸ்பத்திரிக்கு விரட்டினாய். அந்தத் துண்டு அதன் பிறகு எவன் கண்ணையும் தொடவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ எங்களை விட்டுப் புறப்பட்டபோதும் தோளில்தான் கிடந்தது.

இப்போது செய்தி.

இன்று மாதேவண்ணா கிண்ணத்தோடு உன் கண்ணாடி முன்னால் நின்றவர், கையை நீட்டமுடியாமல் என்னிடம் கொடுத்துவிட்டார். "நீங்களே ஹாக்கிண்ணா." என்னையே வைக்கச் சொல்கிறார். நான் கொம்பில் பொட்டு வைத்தேன். வைத்தவன் சும்மா இருப்பேனா? மாட்டிப் பார்த்தேன்.

வலது கண்ணுக்கு நேராக ஒரு நட்சத்திரம் மாப்ளே!

கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் சின்னக் குழி. அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கீறல். ஏதோ ஓர் ஆணி, ஏதோ ஒரு கட்டை. பறந்து வந்து, சரியாக அந்த இடத்தில், உன் மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணுக்கு நேராக, மோதி விழுந்திருக்கிறது. எந்த நாள்? எதிர்ப்பக்கம் பலகை வாங்கிக்கொண்டு நான்தானே நின்றிருப்பேன்! ஒரு வார்த்தை சொன்னாயா? துண்டால் துடைத்துவிட்டு அடுத்த கட்டையைத் தள்ளியிருக்கிறாய்! யானை ஒதுங்கிய கதையை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தபோதெல்லாம், இதை மூக்கின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, படுபாவி!

மில் முழுக்க ஓடினேன். மாதேவண்ணாவுக்குக் காட்டினேன், சவுகாருக்குக் காட்டினேன், லாரி டிரைவருக்குக் காட்டினேன். "சும்மா சொல்றீங்க மாமா" என்றவனுக்கு மாட்டியே காட்டினேன்.

சவுகார் புதுக் கண்ணாடி தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். நாளை மறுநாள் முதல் கட்டை ஏறும்போது உன்னுடையதைத்தான் போட்டுக்கொள்வேன். கோடு பார்க்கும்போது நட்சத்திரம் குறுக்கே வரும். தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துக்கொள்கிறேன். சுவிட்சில் கை வைப்பதற்கு முன் உன் சத்தத்தை நான் போடுகிறேன்.

அந்தக் குழி கடுகளவுதான் இருக்கிறது மாப்ளே. இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

உன் மச்சான்