ஜன்னல் துடைக்காத வாரம்

ஜூன் 3, செவ்வாய்

அவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன். இடுப்புப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினேன். போர்வை துவைத்தேன். ஜன்னலில் மறுபடியும் அந்தக் கறுப்பு ஈ. நாலு.

ஜூன் 4, புதன்

நாத்தனார் வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, அதற்குள் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது.

"என்ன அண்ணி, அண்ணன் ரூம்ல ஈ மொய்க்குது? புண்ணைப் பாக்குறீங்களா இல்லையா?"

புண்ணிலிருந்துதான் வருகிறதாம். அடுத்த ஞாயிறு விட்டு மறு ஞாயிறு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாமாம். "உங்களால முடியலன்னா சொல்லிடுங்க." இவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். எனக்காக ஒரு வார்த்தை? ம்ஹூம்.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். ரெண்டு மணிக்கொருதரம் திருப்பிப் போடுகிறேன். என்னைப் பாத்து நாக்கு மேல பல்லப் போட்டுக் கேக்குறா, பாக்குறீங்களான்னு!

ஆனால் அவள் போனதும் கட்டைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். புழு எதுவும் இல்லை. என் கண்ணை நம்பலாமா? கண்ணாடி மாற்றி மூன்று வருஷம் ஆகிறது.

ஜூன் 6, வெள்ளி

பஞ்சு வாங்கப் போனபோது ஒரு ஈயை மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். மருந்துக்கடைக்காரர் பூச்சிப் பைத்தியம் என்று தெருவுக்கே தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இது வீட்டு ஈ இல்லைங்க. பாருங்க, கூன் முதுகு. இறக்கையை ஒண்ணு மேல ஒண்ணா மடிச்சு வெச்சிருக்கு."

"புண்ணுல முட்டை போடுமா? அதை மட்டும் சொல்லுங்க."

"நான் ஒருத்தனா சொல்ல மாட்டேன்" என்று தன்னுடைய வாட்ஸ்அப் ஈ குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். நாற்பத்திரண்டு பேர்! ஈக்குக்கூடக் கவலைப்பட நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஜூன் 7, சனி

குழுவில் ஒரு தையல்காரம்மா. யார் எந்தப் படம் போட்டாலும் "இறக்கையைக் காட்டுங்க" என்பதால் எல்லாருக்கும் அவர் 'இறக்கை அக்கா'. எனக்கும் அதே உத்தரவு. டேப்பில் இறக்கையை ஒட்டிப் படமெடுத்தேன், மங்கலாக வந்தது.

"பரவாயில்லம்மா, இன்னும் நாலு கிடைக்கட்டும். செவ்வாய் வரைக்கும் ஜன்னலைத் துடைக்காதீங்க, பூச்சி மருந்து அடிக்காதீங்க."

துடைக்கக் கூடாதாம். நல்ல கதை! இந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தால் தீர்ந்தேன்.

துடைக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

பதினோரு ஈ. குழுவில் ஒரே வாக்குவாதம், இறக்கை நரம்பு எங்கே போய் முடிகிறது என்று. எனக்கு எல்லாம் கோடாகத்தான் தெரிகிறது.

ஒன்றை எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்ல. புண்ணில் வருகிற ஈதான் என்று அவர்கள் சொல்லிவிட மாட்டார்களா என்று இன்று மத்தியானம் நினைத்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நான் தூங்குவேன் — சீ, என்ன பொம்பளை நான்.

ஜூன் 10, செவ்வாய்

முடிவு சொல்லிவிட்டார்கள். ஜன்னல் ஈ. பெயரே அதுதானாம், அடிக்கடி கண்ணில் படாதாம். "புண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார் இறக்கை அக்கா. "இதோட புழு, கம்பளத்தை அரிக்கிற பூச்சிக்குட்டிகளைத் தின்னு வளரும். ஈயானதும் வெளிச்சத்தைத் தேடி ஜன்னலுக்கு வரும். பழைய கம்பளம் ஏதாவது கிடக்குதா?"

கட்டிலுக்கு அடியில்! வீடு மாறும்போது "ரெண்டே மாசம் அண்ணி" என்று நாத்தனார் போட்டுவிட்டுப் போன கம்பளச் சுருள். நாலு வருஷமாகிறது. கூடத்துக்கு இழுத்து வந்து பிரித்தேன். மயிர் முளைத்த பூச்சிக்குட்டிகள், நடுவில் நூல் மாதிரி வெள்ளைப் புழு நெளிந்து ஓடுகிறது. படம் போட்டதும் குழுவே கை தட்டியது. நானும் சிரித்தேன். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. சந்தோஷ அழுகை இல்லை.

"உங்க புண்ணுலேர்ந்து வரலையாம்" என்று அவரிடம் சொன்னேன்.

அவர் மெதுவாக, குழறிக் குழறிச் சொன்னார். "அவ கூட்டிட்டுப் போகட்டும்னுதான் அன்னிக்குப் பேசாம இருந்தேன். நீ தூங்கி எவ்ளோ நாளாச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருப்பிப் போடுகிற நேரம் தாண்டிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

நாத்தனார் இல்லத்துப் படிவத்தோடு வந்தாள். கம்பளத்தைப் பிரித்துக் காட்டினேன். "இதுலேர்ந்தா?" என்றாள். படிவம் பைக்குள் போனது. இதற்குத்தானே இத்தனை பாடு? நன்றாகத் திருப்பிக் கேட்கலாம் என்று நாலு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அவர் எங்கயும் போக வேண்டாம். ஆனா என்னால முடியலம்மா. நெஜமாவே முடியல. ஞாயித்துக்கிழமையாவது நீ வந்து பாத்துக்கோ."

அவள் பையை ஆணியில் மாட்டினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகினாள்.

நான் அடுத்த அறையில் போய்ப் படுத்தேன். "அண்ணி, எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று குரல் கேட்டது. "இடப்பக்கம்" என்று படுத்தபடியே சொன்னேன். அதற்கப்புறம் எதுவும் ஞாபகமில்லை. எழுந்தபோது சாயங்காலம் மணி ஐந்து.