முட்டி வலியும் மேஸ்திரி வேலையும்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் இடுப்புப் பிடிப்பு விட்டதா? வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். இதுவரை வந்த கடிதங்களில் "கண்ணே" என்று எழுதியவன் நான் இல்லை, பக்கத்துக் கட்டில் தம்பி. நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். கண்ணே மட்டும் அவனாகச் சேர்த்தது. இந்தக் கோணல் எழுத்துதான் என்னுடையது.

என் முட்டி வலி கிடங்கில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஏணியில் ஏறி அடுக்க வேண்டிய பெட்டிகளை எனக்காக அவனே அடுக்குவான். போன வாரம், எங்களில் ஒருவருக்கு மேஸ்திரி வேலை என்றார்கள். அவன் மேலாளரிடம் போய் என் முட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டான். இப்போது அவன் மேஸ்திரி, நான் தரை பெருக்குகிறேன். அடுத்த வருடம் என்னை வேலையில் வைத்திருப்பார்களா தெரியவில்லை. நீ கவலைப்படாதே.

"ஏன்டா சொன்னே?" என்றேன்.

"உங்க நல்லதுக்குத்தாண்ணே."

"முட்டி என்னோடதுடா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. அறையில் இருப்பதே நாங்கள் இருவர்தான்.

தைலம் ஒரு புட்டி அனுப்பு. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, இனி நானே படிக்க வேண்டும். நீளமாகவே எழுது.

முட்டிக்குத் துணி சுற்றிவிடுவதும் அவன்தான். இன்று தரையில் உட்கார்ந்து நானே சுற்றினேன். கட்டிலின் காலையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறேன். வேலைக்கு வண்டி வந்துவிட்டது, அவிழ்த்துக்கொண்டு போகிறேன்.

உன் வீட்டுக்காரன்