விடுபட்ட ஆறு அத்தியாயங்கள்

ஜூன் 3, செவ்வாய்
என் மனைவி சஞ்சீவனிக்கு அடுத்த செவ்வாய் கண் ஒப்பரேஷன். வலது கண் விழித்திரையின் நடுவில் ஓட்டை. இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். அவள் வாசிப்பதெல்லாம் வலது கண்ணால்தான். உள்ளே வாயு விட்டு அடைப்பார்களாம், பிறகு ஏழு நாள் குப்புறவே கிடக்க வேண்டுமாம். மறுபடி வாசிப்பாளா என்று கேட்டேன். டொக்டர் "பார்ப்போம்" என்றார். பார்ப்போம் என்றால்?

ஜூன் 5, வியாழன்
அந்த ஏழு நாளுக்கு அவள் கேட்டது ஒன்றுதான். வருடா வருடம் வாசிக்கிற பழைய ஆங்கில மாயாஜால நாவலின் ஒலிப்புத்தகம். அவளிடம் இருப்பது மூன்று பாகம். கண்டியில் வெவ்வேறு பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கி, பாடசாலைக் கொப்பி மாதிரி பிரவுன் பேப்பர் போட்டு வைத்திருக்கிறாள். நான் மாநகர சபைக் கோப்பைத் தவிர எதையும் வாசிக்காதவன். என்னைப் போய்த் தெரிவு செய்யச் சொல்கிறாள்.
இணையத்தில் மூன்று விதம் இருக்கிறது: ஐந்து மணி நேரச் சுருக்கம், பல குரலும் இசையுமாக ஒரு நாடகம், ஒரே ஆள் வாசிக்கிற முழுசு. முழுசு இருபத்தாறு மணி நேரம்! சுருக்கமே போதாதா?

ஜூன் 6
போதாதாம். கெலிஓயாவில் புத்தகக் கடை வைத்திருக்கும் அம்ஜத் சொன்னார்: "சுருக்கினத எடுக்க வேணாம். வருசா வருசம் வாசிக்கிறவங்களுக்கு எது இல்லண்டு உடனே தெரியும்."

ஜூன் 7, சனி
கட்டிலில் குப்புறப் படுத்து மாதிரிகளைக் கேட்டுப் பார்த்தேன். நாடகத்தில் வாள் மோதிய சத்தத்துக்குத் தலையைத் தூக்கிவிட்டேன். அவளும் தூக்கினால்? வாயு நகர்ந்துவிட்டால்? வேண்டவே வேண்டாம். முழுசை வாசிப்பவர் நிதானமான மனுசன். அவரையே எடுத்தேன். அந்தக் குரல் அவளுக்குப் பிடிக்காவிட்டால் — ஏழு நாளும் என் பாடு திண்டாட்டம்தான்.

ஜூன் 10
முடிந்தது. நன்றாக நடந்ததாம். நான் இன்னும் நம்பவில்லை.

ஜூன் 14, சனி
இரண்டு கதிரைக்கு நடுவே தலையணை கட்டி அதில் முகம் புதைத்திருக்கிறாள். மத்தியானம் திடீரென்று நிறுத்தச் சொன்னாள். கண்தான் வலிக்கிறதோ என்று பதறிப்போனேன். அது இல்லை.
"இந்தப் பகுதி என் புத்தகத்துல இல்லங்க. யாரோ சேத்திருக்காங்க."
தப்பானதை வாங்கிவிட்டேனா? அம்ஜத்துக்கு ஃபோன் போட்டேன். அவளுடைய பாகங்களைப் பார்க்கச் சொன்னார். அலுமாரியிலிருந்து எடுத்து உறையைக் கழற்றினேன். முதல் இரண்டும் நான்கு பாகமாக வந்த பதிப்பு. மூன்றாவது, மூன்றே பாகமாக வந்த வேறொரு பதிப்பின் கடைசிப் பாகம். அத்தியாயங்களுக்கு எண் இல்லை, பெயர்தான். இரண்டாவது பாதிக் கதையோடு முடிகிறது, மூன்றாவது அதற்கும் அப்பால் தொடங்குகிறது. நடுவே ஆறு அத்தியாயங்கள் அவளிடம் இருந்ததே கிடையாது.
சொன்னதும் தலையணைக்குள்ளிருந்து சிரிப்பு. இரண்டாம் பாகத்தோடு காணாமல் போகும் ஒரு படகுக்காரி இருக்கிறாளாம். "எழுதினவரு அவள மறந்துட்டாருன்னு பன்னெண்டு வருசமா திட்டிக்கிட்டு இருந்தேன்." சிரித்தால் தலை ஆடுமே என்று எனக்குப் பயம்.
அந்த ஆறையும் போட வேண்டாமாம். கண் சரியானதும் தானே வாசிப்பாளாம். தாண்டிப் போட்டேன். சரியாகாவிட்டால்?

ஜூலை 5, சனி
அச்சுப் பதிப்பு தேடி அம்ஜத் கடையில் அரை நாள். ஒரே தொகுப்பாக இருப்பது அம்மிக்கல் கனம், எழுத்தோ எறும்பு. இன்னொன்றில் தாள் பளீர் வெள்ளை, கண் கூசும். கடைசியில் மங்கிய தாளில் பெரிய எழுத்தும் தாராளமான வரி இடைவெளியும் உள்ள ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைக்கச் சொன்னேன். வந்த பிறகு அவளால் முடியாமல் போனால் — இனி வாசிக்க முடியாது என்பதை நானே அவளுக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா?

ஆகஸ்ட் 6
கிளினிக். வாயு போய்விட்டது, ஓட்டை மூடிவிட்டது. பார்வை இன்னும் கொஞ்சம் தெளியலாம், பழையபடி வராது என்றார் டொக்டர்.

ஆகஸ்ட் 9, சனி
புத்தகம் வந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய் விரித்தாள். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம்.
"வரியெல்லாம் வளையுதுங்க," என்று மூடிவிட்டாள்.
எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆறு அத்தியாயத்தையும் போடச் சொன்னாள். ஃபோனை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுக் சோறு வைக்கக் குசினிக்குப் போகப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.
"நீங்களும் கேக்கணும். முன்கதை தெரியாம கேட்டு என்ன பிரயோசனம்? உக்காருங்க, சொல்றேன்."
மத்தியானம் ஆரம்பித்தவள். பின்னேரம் ஆறு மணிக்கும் முதல் பாகம் முடியவில்லை. ஒலிப்புத்தகத்தைப் போடவேயில்லை. ராஜா மகன் பாழுங்கிணற்றில் விழுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, தொண்டை காய்கிறது என்று தேத்தண்ணி கேட்டாள். அவன் உயிரோடு இருக்கிறானா என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். நாளைக்குத்தானாம். எனக்கு ஒரே பதற்றமாக இருக்கிறது.