ஐஸ் அறையில் ஒரு கூறைச் சேலை

மன்னார்
நவம்பர் 12

அன்பு மகள் சுவேதினிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். உன் சுகத்துக்கு மன்றாடுகிறோம். போனில் பேசினால் அம்மாவுக்குக் கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் வெட்கக்கேடு. நேற்றுப் புது மோலுக்குப் போனவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டேன். காவலுக்கு நிற்கும் வின்சன்ட், இது கோயில் இல்லை அண்ணை, போட்டுக்கொண்டு போங்கோ என்று சிரித்தான். கேளாதவன் போல உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தால் ஒரு செருப்பைக் கழுதை நக்கிக்கொண்டு நிற்கிறது.

நான் மெசின் பார்த்த ஐஸ் கொம்பனிதான் அந்த மோல். சண்டைக்குப் பிறகு பூட்டிக் கிடந்தது, பிறகு சீமெந்துக் களஞ்சியம், இப்போது முழுக்கக் கண்ணாடி. மெசின் நின்ற இடத்தில் ஜூஸ் விற்கிறார்கள். வள்ளக்காரருக்கு ஐஸ் உடைத்த முற்றத்தில் போன் கடை. ஐஸ் அறையை மட்டும் இடிக்க முடியவில்லையாம். குளிர் வெளியே போகாமல் உமி அடைத்த மொத்தமான சுவர். உமியும் கட்டுக்கரைக் குளத்து வயல் பக்கத்தது, உன் மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துச் சரக்கு! அதைத்தான் சேலைக்கடை ஆக்கியிருக்கிறார்கள். அம்மாவைப் போய்க் கூறை எடுக்கச் சொன்னாயே, அதே கடை.

அம்மா மாட்டேன் என்றதும், உன் மாப்பிள்ளை வீட்டாரை, அந்தப் பாப்பாமோட்டை வயல்காரரை, அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டாய். நீ இருக்கும் இடத்திலேயே கலியாணத்தை முடிக்கப்போகிறேன் என்கிறாய். அந்தப் போன் வந்ததிலிருந்து வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அம்மா குசினிக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள். அவளுக்குப் பின்னால் நான்.

மகள், உன் அண்ணா ஜஸ்ரினின் உடலைக் கடலிலிருந்து கொண்டுவந்து அந்த ஐஸ் அறையில்தான் வைத்திருந்தோம். நீ அப்போது மடுப்பக்கம் கன்னியர் விடுதியில், சண்டையால் பாதை பூட்டு. அவனை எங்கே வைத்திருந்தோம் என்று, சின்னப்பிள்ளை என்பதால், பிறகும் உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அம்மா அந்தக் கதவைப் பிடித்தபடி நின்றவள். அதனால்தான் போகமாட்டாள். மாப்பிள்ளையில் குறையே இல்லை. அவர் அனுப்பிய அரிசியை அயலெல்லாம் காட்டிவிட்டுத்தான் உலையில் போட்டாள்.

ஆகவே நானே எடுத்துவந்தேன். கடையில் நின்ற பிள்ளை இர்ஷானா விரித்த சேலையெல்லாம் எனக்கு ஒரே சிவப்பு. அம்மா பார்த்துவிட்டு, இதென்ன அவிச்ச இறால் நிறம் என்று ஏசினாள். பிறகு தன் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் கனநேரம் நின்றாள். இப்போது சேலை அலுமாரிக்குள். பூட்டிய திறப்பு அவளுடைய செபமாலையில் தொங்குகிறது.

வந்துவிடு பிள்ளை. எங்கள் கோயிலிலேயே மாலை மாற்று. மருதமடு மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

கடைக்குள் நல்ல குளிர். நான் நடுங்குவதைக் கண்டு இர்ஷானா, ஏசியைக் குறைக்கட்டோ ஐயா என்று கேட்டாள். வேண்டாம் மகள், இருக்கட்டும் என்றேன். தங்கச்சி வந்து முகம் பார்க்குமட்டும் என் மகன் இந்தக் குளிரில்தான் காத்துக் கிடந்தவன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

உன் அப்பா
யாகப்பர்