கேரியரில் ஓர் இடம்

பெரியப்பா,

இன்று காலை சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறும்போது சைக்கிள் கேரியர் கடகடவென்று ஆடியது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "நட்டு லூஸாயிடுத்து போலருக்குடி" என்றாள். ஓரமாக நிறுத்தி, கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து முறுக்கினேன். அலுவலகம் வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் விரலிலிருந்து இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை போகவில்லை. அந்த வாசனை வந்தால் நீங்களும் வந்துவிடுகிறீர்கள்.

முரளி பம்பாயிலிருந்து கடிதம் போட்டிருக்கிறான். உங்கள் வருஷாப்திகத்துக்குச் சொந்தக்காரர்களின் நினைவுகளைச் சேர்த்துச் சின்னப் புத்தகமாக அச்சடிக்கப்போகிறானாம். "நீதான் நிறையப் படிக்கிறவள், அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுது" என்கிறான். அவனுக்கு நான்கு வரி அனுப்பிவிடுவேன். ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், அப்பா இல்லாத எங்களுக்கு இருக்க இடம் கொடுத்தவர். எதுவும் பொய்யில்லை. இந்தக் கடிதம் அவனுக்கு அல்ல.

அபிராமபுரம் வீட்டுக்கு நாங்கள் வந்தபோது எனக்குப் பத்து வயது. பெரியம்மா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. உங்கள் வீட்டுச் சமையலறையில் ஆள் இல்லை, எங்களுக்கு வீடு இல்லை. ஏழு வருஷம் கழித்து நான் கல்லூரியில் சேர்ந்தேன். நீங்கள் எனக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தீர்கள். நீல நிறம், முன்னால் கம்பிக் கூடை, பின்னால் புத்தம்புது கேரியர். கடைக்காரர் துடைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது நீங்கள் கேரியரைக் காட்டி, "இதைக் கழட்டிடுங்கோ" என்றீர்கள்.

"அது சைக்கிளோட வர்றது சார். தனியா துட்டு இல்ல."

"இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. பொண் கொழந்தை சைக்கிளுக்குப் பின்னாடி இடம் எதுக்கு? இடம்னு ஒண்ணு இருந்தா யாராவது வந்து ஒக்காருவா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கழற்றிய கேரியரைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, அதன்மேல் உங்கள் வரைபட எழுத்தில் 'சுதா சைக்கிள் கேரியர்' என்று எழுதிப் பரணில் போட்டீர்கள். முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் பாலங்களுக்கு வரைபடம் போட்ட கை. ஒவ்வோர் எழுத்தும் ஒரே உயரம்.

உங்கள் சந்தேகம் ஏதோ ஒரு பையனைப் பற்றியது. அந்தக் கேரியரில் வந்து உட்காரப்போகிறவள் உங்கள் சமையலறையில் இருக்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். அடையாறில் ஒரு பள்ளி அலுவலகத்தில் ஆள் தேவை என்று தெரிந்தவர் மூலம் தகவல் வந்தது. ஹையர் தேர்வு எழுதினால் இடத்தை வைத்திருப்பதாகத் தலைமையாசிரியை சொன்னார். அந்த வேலை கிடைத்தால் நாங்கள் தனியாகப் போய்விடலாம். உங்களிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று இருவருக்கும் தெரியும், கேட்கவில்லை.

நீங்கள் மூன்றரைக்குக் காப்பி குடித்துவிட்டுப் பார்க்குக்குப் போனால் ஐந்தரைக்குத்தான் திரும்புவீர்கள். மந்தைவெளியில் டைப்ரைட்டிங் வகுப்பு நாலிலிருந்து ஐந்து. நடந்து போய்வர நேரம் போதாது. பஸ் ஸ்டாப் உங்கள் பார்க் வாசலுக்கு நேர் எதிரே. சைக்கிளில் பத்து நிமிஷம்.

ஒரு நாள் நீங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது பரணில் ஏறினேன். கேரியரை எடுத்துக்கொண்டு, கொல்லையில் கிடந்த பழைய ஜன்னல் கம்பிகளை அதே தாளில் சுற்றி, அதே சணலைக் கட்டி, உங்கள் எழுத்து வெளியே தெரியும்படி வைத்தேன்.

நாலு தெரு தள்ளி ஆரோக்கியம் அக்காவின் பஞ்சர் கடை இருந்தது. பட்டினப்பாக்கத்துக்காரர். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போகிறவர்கள். "எனக்குத் தண்ணி ஆவாது, இரும்புதான் ஆவும்" என்பார். கேரியரை எப்படி மாட்டுவது என்று அவர்தான் காட்டினார். சீட்டுக்குக் கீழே ஒரு போல்ட். பின்சக்கர அச்சின் இரண்டு பக்கமும் கேரியரின் கால்கள். தினமும் கழற்றி மாட்டினால் சக்கரம் நகர்ந்து செயின் தொங்கிவிடும் என்று அச்சில் பக்கத்துக்கு ஒரு நட்டு கூடுதலாகப் போட்டார்.

"உள்ள கீற நட்டு சக்கரத்துக்கு. அத்த தொடாத. வெளிய கீறது கேரியருக்கு. அத்த மட்டும் கயட்டு."

தினமும் மூன்றே முக்காலுக்கு அவர் கடை வாசலில் மாட்டுவேன். அம்மா காய்கறிப் பையோடு நடந்து வந்து சேருவாள். வகுப்பு முடிந்து திரும்பி வந்து, கழற்றி, அக்காவின் டியூப் மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

"தெனம் மாட்றே, தெனம் கயட்டுறே. கேரியரா இது, கம்மலா?" என்பார் அக்கா. முதல் நாள் ஏறத் தெரியாமல் தவித்த அம்மாவிடம், "மாமி, பொடவைய சுருட்டி மடியில வெச்சிக்க. சக்கரம் இஸ்துக்கினா நீ இங்க நிப்பே, பொடவ மைலாப்பூர்ல நிக்கும்" என்றார். அம்மா சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அநேகமாக அப்போதுதான்.

ஐந்து மாதம் இப்படி நடந்தது. பிறகு ஒரு தவறு செய்தோம். கம்பி உறுத்துகிறது என்று அம்மா சமையலறைப் பிடிதுணியை மடித்துக் கேரியரில் போட்டு உட்காருவாள். வீட்டுக்கு வந்ததும் அலசிவிடுவாள். தேர்வுக்கு முதல் நாள் படபடப்பில் அலச மறந்து, இரவு உங்களுக்குப் பால் டம்ளரை அதே துணியில் பிடித்துக்கொண்டு வந்தாள். நீங்கள் டம்ளரை வாங்கவில்லை. துணியை வாங்கி விளக்கடியில் விரித்தீர்கள். நாலு கறுப்புக் கோடுகள்.

"ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரின்னா இருக்கு" என்றீர்கள். "ஒரே இடைவெளி."

அம்மா, "அடுப்புக் கம்பி பட்டிருக்கும்" என்றாள். நீங்கள் தலையாட்டினீர்கள். பாலைக் குடித்தீர்கள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தீர்கள். நாங்கள் தப்பித்துவிட்டதாக நினைத்துத் தூங்கினோம்.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு, மந்தைவெளியையும் தாண்டி வேறொரு டைப்ரைட்டிங் நிலையத்தில் தேர்வு. கோவிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்கு வந்தால், சைக்கிளின் பின்சக்கரத்தையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்துக் கிணற்றுச் சங்கிலி சுற்றியிருந்தது. பூட்டு. சாவியை வழக்கம்போலப் பூணூலில் முடிந்துகொண்டு, என்றும் காலையில் போகாத நீங்கள் அன்று பார்க்குக்குப் போயிருந்தீர்கள்.

ஓடினோம். ஆட்டோ கிடைக்கவில்லை, கிடைத்த பஸ் சுற்றிக்கொண்டு போனது. போய்ச் சேர்ந்தபோது ஒன்பது இருபது, கதவு சாத்தியாகிவிட்டது. உள்ளே அத்தனை மிஷின்களும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன, தகரக் கூரையில் மழை போல. அம்மா கெஞ்சவில்லை. சுவரோரமாக நின்றாள். அவள் விரல்கள் முந்தானையின்மேல் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே சத்தம் நிற்கும்வரை அவை நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது நீங்கள் ஈசிசேரில் இருந்தீர்கள். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டீர்கள்: "கோவில்ல கூட்டம் ஜாஸ்தியோ?"

அன்று மூன்றரைக்கு உங்களுக்குக் காப்பி வந்தது. துவைத்த பிடிதுணியில்.

ஆறு மாதம் கழித்து அம்மா தேர்வை எழுதினாள். இந்த முறை உங்களிடம் சொல்லிவிட்டே போனாள். நீங்கள் தடுக்கவில்லை. பள்ளியில் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள் என்று அதற்குள் விசாரித்து வைத்திருந்தீர்கள். அதன்பின் இரண்டு வருஷம் அம்மா உங்கள் சமையலறையிலேயே இருந்தாள். சர்டிபிகேட் அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது.

எனக்கு வேலை கிடைத்ததும் சைதாப்பேட்டையில் ஓர் அறை பிடித்தோம். கிளம்பும் நாளன்று ஆரோக்கியம் அக்காவிடமிருந்து கேரியரை வாங்கிவந்து, உங்கள் ஈசிசேருக்கு எதிரே சைக்கிளை நிறுத்தி மாட்டினேன். நினைவிருக்கும் உங்களுக்கு. முதலில் சீட்டுக்கடி போல்ட். பிறகு வலது கால், வாஷர், நட்டு. பிறகு இடது. ஐந்து நிமிஷ வேலையை அரை மணி செய்தேன்.

"அது பரண்லன்னா இருந்தது" என்றீர்கள். வேறொரு கேரியர் என்றே அதுவரை நினைத்திருந்தீர்கள்.

"பரண்ல இருக்கறது ஜன்னல் கம்பி, பெரியப்பா. மூணு வருஷமா."

உங்கள் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். அம்மா உங்களை நமஸ்காரம் செய்துவிட்டு வந்து, புடவையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

அதன்பின் அம்மாவுக்கு சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு அருகே ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சனிக்கிழமை மாலைகளில் நான் அவளை ஏற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டி மயிலாப்பூர் கோவிலுக்கு வருவேன். வழியில் உங்கள் பார்க். வெளியே தெரியும் பெஞ்சில் நீங்கள். வேலியோரமாக மெதுவாகப் போய் இரண்டு முறை மணி அடிப்பேன். "வேற தெரு வழியா போலாமேடி" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னாள். நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை நீங்கள் உள்ளே இருக்கும் பெஞ்சுக்கு மாறியிருந்தீர்கள். அன்று ராத்திரி நான் இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டேன்.

போன வருஷம் நீங்கள் போனீர்கள். அம்மா உண்மையாகவே அழுதாள். அதற்கும் எனக்கு உங்கள்மேல்தான் கோபம் வந்தது. மறுநாள் எலும்பு பொறுக்கும் சஞ்சயனம் ஆகி முரளி அஸ்திக் கலசத்தோடு அபிராமபுரம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். ஊரெல்லாம் பந்த். ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. எதிர்வீட்டு ஸ்கூட்டரில் அன்று பார்த்துப் பெட்ரோல் தீர்ந்துபோயிருந்தது. சாஸ்திரிகள் முன்னாலேயே பட்டினப்பாக்கம் கரைக்குப் போய்க் காத்துக்கொண்டிருந்தார். பத்தரைக்குமேல் ராகுகாலம். அப்போதே மணி பத்து.

"கலசத்தைக் கீழ வெக்கப்படாதாம். ரெண்டு கையாலயும் பிடிச்சிண்டு நான் எப்படி சைக்கிள் ஓட்டறது, சுதா?"

"நீ ஓட்ட வேண்டாம். பின்னாடி இடம் இருக்கு."

ஸ்பேனரை எடுத்து இரண்டு பக்க நட்டையும் முறுக்கினேன். முரளி அவசரப்படுத்தினான், நான் அவசரப்படவில்லை. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அங்கே அம்மாவுக்கு மட்டும்தான் புரிந்தது. அவள் உள்ளே போய்ப் பிடிதுணியை எடுத்து வந்து, நாலாக மடித்து, கேரியரில் போட்டாள். முரளி ஏறிக் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டான்.

கிட்டத்து வழி வேறு இருந்தது. நான் பார்க் வழியாகப் போனேன். உங்கள் பழைய பெஞ்சு வந்ததும் இரண்டு முறை மணி அடித்தேன். "யாரும் இல்லையே, எதுக்கு அடிக்கறே?" என்றான் முரளி.

ஆரோக்கியம் அக்கா மூடிய கடையின் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா, டபுள்ஸா?"

"ட்ரிபிள்ஸ், அக்கா."

கலசத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். கையை எடுக்கும்போது அவர் வாயோரம் லேசாகக் கோணியது.

கரையில் சாஸ்திரிகள், "அம்பி, எதுல வந்தேள்?" என்று கேட்டார். "சைக்கிள்ல மாமா, டபுள்ஸ்" என்றான் முரளி. "பேஷ், வந்தேளே" என்றார். மணலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலை மூன்று முறை வந்து போனது. நீங்கள் போய்விட்டீர்கள். எனக்குக் கண் கலங்கவில்லை.

நீங்கள் கனமாகவே இல்லை, பெரியப்பா. மேட்டில் மூச்சு வாங்கியதும் முரளியின் கனத்தால்தான். சாத்திய கதவுக்கு வெளியே முந்தானையில் அடித்துக்கொண்டிருந்த அந்தப் பத்து விரல்கள்தான் கனம். அவற்றை இன்னும் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறேன், இந்த ஸ்பேனரோடு. இறக்கி வைக்கும் எண்ணம் இல்லை.

இடம்னு ஒண்ணு இருந்தா யாராவது வந்து ஒக்காருவா என்றீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். வந்து உட்கார்ந்தீர்கள். நாளை காலை எட்டேகாலுக்கு அதே இடத்தில் அம்மா ஏறிக்கொள்வாள்.

சுதா